அன்றாட வாழ்வில் பௌத்த தியானம்

பௌத்த தியானம் என்பது, மனத்தில் எழும் உணர்ச்சிகளை அவை எழும்போதே அறிந்து, அவற்றுக்கு இழுபடாமல் நடந்துகொள்வதற்கான பயிற்சி ஆகும். கண்ணை மூடி அமர்ந்திருப்பது அதன் ஒரு பகுதி மட்டுமே. ஒழுக்கம், மன ஒருமை, தெளிந்த அறிவு ஆகிய மூன்றும் சேர்ந்ததையே புத்தர் முழுப் பயிற்சியாகக் கூறினார். துறவிகளுக்கு மட்டுமன்றி, உழவர், வணிகர், மாணவர், இல்லறத்தார் என எல்லோருக்கும் அவர் இதைக் கற்பித்தார். தமிழில் மணிமேகலைக் காப்பியம் இக்கருத்துகளை விரிவாக எடுத்துரைக்கிறது. பௌத்த தியானத்தின் அடிப்படை, அதைப் பழகும் முறை, அன்றாட வாழ்வில் அது பயன்படும் இடங்கள், தென்காசி வட்டாரத்திலும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் அதற்குள்ள தொடர்புகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்பொருள்

தியானம் என்பது வடமொழிச் சொல். பாலி மொழியில் இது ஜானம் எனப்படும். இச்சொல் சீனாவுக்குச் சென்று சான் என்றும், ஜப்பானில் ஜென் என்றும் மாறியது. ஆகவே ஜென் என்பதும் தியானம் என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள்.

பாலி நூல்களில் இப்பயிற்சியைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் சொல் பாவனா என்பதாகும். இதற்கு வளர்த்தல் என்பது பொருள். நிலத்தைப் பண்படுத்திப் பயிரை வளர்ப்பது போல மனத்தைப் பண்படுத்தி நல்ல குணங்களை வளர்ப்பது பாவனா. எண்ணமே இல்லாத வெற்று நிலையை அடைவதுதான் தியானம் என்று பலர் கருதுகின்றனர். பாவனா என்ற சொல்லின் பொருளை அறிந்தால் இக்கருத்து பொருந்தாது என்பது விளங்கும்.

மற்றொரு முக்கியமான சொல் சதி. மறவாமை, நினைவோடு இருத்தல் என்று இதைத் தமிழில் கூறலாம். கை ஒரு வேலையைச் செய்ய, மனம் வேறெங்கோ அலைவது நமக்குப் பழகிப்போனது. செய்யும் வேலையிலேயே மனமும் இருந்தால் அது சதி.

மூன்று பயிற்சிகள்

புத்தர் காட்டிய எண்வகை நெறியை மூன்று தொகுதிகளாகப் பிரிப்பது மரபு.

சீலம்: நற்பேச்சு, நற்செயல், நல்ல பிழைப்பு. இது ஒழுக்கப் பகுதி.
சமாதி: நன்முயற்சி, நல்ல நினைவு, நல்ல மன ஒருமை. இது தியானப் பகுதி.
பிரக்ஞை (பாலியில் பஞ்ஞா): நற்காட்சி, நல்லெண்ணம். இது அறிவுப் பகுதி.

இம்மூன்றும் முக்காலியின் மூன்று கால்களைப் போன்றவை. பகல் முழுவதும் எடையில் ஏமாற்றிய வியாபாரி இரவில் அமர்ந்து மூச்சைக் கவனித்தால் அவர் மனம் அமைதி அடையாது. யாரிடம் என்ன பொய் சொன்னோம், எப்போது பிடிபடுவோம் என்ற கணக்கே உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஒழுக்கம் தியானத்துக்கு முன்னே வைக்கப்பட்டதற்கு இந்த நடைமுறைக் காரணமும் உண்டு.

இல்லறத்தாருக்குரிய ஒழுக்கம் பஞ்சசீலம் எனப்படும். உயிர்க்கொலை, களவு, முறையற்ற காமம், பொய், போதை ஆகிய ஐந்தையும் விலக்குவது அது. இவற்றைக் கடவுளின் கட்டளை என்று பௌத்தம் கூறுவதில்லை. ஒருவர் தாமே விரும்பி ஏற்றுக்கொள்ளும் பயிற்சி விதிகளாகவே கூறுகிறது. தவறினால் மீண்டும் ஏற்றுத் தொடரலாம்.

மணிமேகலை காட்டும் சங்கிலி

துன்பம் எவ்வாறு தோன்றுகிறது என்பதைப் பன்னிரண்டு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியாகப் பௌத்தம் விளக்குகிறது. இதற்குப் பன்னிரு நிதானங்கள் அல்லது சார்பு என்று பெயர். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் முப்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு இதை உபதேசிக்கிறார். பன்னிரண்டில் நடுவே வரும் ஐந்து கண்ணிகள் அன்றாட வாழ்வுக்கு மிகவும் நெருக்கமானவை. அவற்றுக்குக் காப்பியம் நல்ல தமிழ்ச்சொற்களைத் தருகிறது.

வாயில்: கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம் ஆகிய ஆறும்.
ஊறு: வாயிலும் அதற்குரிய பொருளும் தொடர்புகொள்ளுதல்.
நுகர்வு: அத்தொடர்பால் உண்டாகும் இன்பம், துன்பம், இரண்டும் அல்லாத நிலை.
வேட்கை: இன்பம் இன்னும் வேண்டும், துன்பம் உடனே அகல வேண்டும் என்ற தவிப்பு.
பற்று: அத்தவிப்பை விடாமல் பிடித்துக்கொள்ளுதல்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். புளியங்குடி எலுமிச்சை மண்டிக்கு ஒருவர் காய் கொண்டு செல்கிறார். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலை சொல்லப்படுகிறது. காது என்ற வாயிலில் அந்தச் சொல் விழுந்தது ஊறு. நெஞ்சில் சுருக்கென்று ஒரு வலி எழுந்தது நுகர்வு. இந்த வலி உடனே தீர வேண்டும், எதிரே நிற்பவரை ஏதாவது சொல்லித் தீர்க்க வேண்டும் என்று துடிப்பது வேட்கை. அவர் எப்போதுமே இப்படித்தான் என்று மனத்தில் முடிவு கட்டி அதையே வீடு வரை சுமந்து செல்வது பற்று. வீட்டில் குழந்தை தண்ணீரைக் கொட்டியதற்கு விழும் அடி, மண்டியில் தொடங்கிய சங்கிலியின் நீட்சி.

இச்சங்கிலியில் முதல் மூன்று கண்ணிகளைத் தடுக்க முடியாது. காது இருந்தால் கேட்கும், கேட்டது கசந்தால் வலிக்கும். புத்தருக்கும் முதுகுவலி இருந்ததாகப் பாலி நூல்கள் கூறுகின்றன. ஆனால் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. வலிக்கிறது என்று அந்த நொடியிலேயே அறிபவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்க முடியும். அறியாதவருக்கு அது முடியாது. பழக்கமே அவரை இழுத்துச் செல்லும். பௌத்த தியானம் அனைத்தும் இந்த இடைவெளியைக் காண்பதற்கான பயிற்சி என்றே கூறலாம். விலை குறைவு என்று வியாபாரியிடம் உறுதியாக வாதாடுவதை இது தடுக்காது. வாதாட்டம் வசவாக மாறுவதையும், வசவு வீடு வரை வருவதையும் தடுக்கும்.

இரண்டு அம்புகள்

இதே கருத்தைப் புத்தர் ஓர் உவமையால் விளக்கினார். ஒருவனை ஓர் அம்பு தைக்கிறது. அடுத்து இரண்டாவது அம்பும் தைக்கிறது. பயிற்சி இல்லாதவன் இவ்வாறு இரண்டு அம்புகளின் வலியைப் படுகிறான். பயிற்சி உள்ளவனோ ஓர் அம்பின் வலியை மட்டுமே படுகிறான். முதல் அம்பு நேர்ந்த துன்பம். இரண்டாவது அம்பு அதைக் குறித்து மனம் உண்டாக்கிக்கொள்ளும் புலம்பலும் வெறுப்பும்.

பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் இந்த உவமையின் பொருளைக் கண்கூடாகக் காணலாம். கணிதத்தில் தேர்ச்சி பெறவில்லை என்பது முதல் அம்பு. அது உண்மையான வலி. இனி என்னால் எதுவும் முடியாது, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று வரிசையாகப் பாய்பவை இரண்டாவது வகை அம்புகள். துணைத்தேர்வு எழுதினால் முதல் அம்பை எடுத்துவிடலாம். ஆனால் இரண்டாவது அம்புகளால் சில குழந்தைகள் உயிரையே விட்டுவிடத் துணிகின்றனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு, மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டிய பாடங்களில் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. எது நடந்தது, அதைப் பற்றி மனம் என்ன சொல்கிறது என்று இரண்டையும் தனித்தனியே எழுதச் சொன்னால், எட்டாம் வகுப்புக் குழந்தைக்கும் இந்த வேறுபாடு புரிந்துவிடும்.

உடல், சொல், மனம்

தீய செயல்கள் பத்து என்று மணிமேகலை வகுத்துக் கூறுகிறது. உடலால் செய்பவை மூன்று: கொலை, களவு, தகாத காமம். சொல்லால் செய்பவை நான்கு: பொய், கோள், கடுஞ்சொல், பயனற்ற பேச்சு. மனத்தால் செய்பவை மூன்று: பிறர் பொருள் மீது ஆசை, சினம், தவறான பார்வை.

பத்தில் நான்கு பேச்சைப் பற்றியவை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் கொலையோ களவோ செய்வதில்லை. ஆனால் கோளும் கடுஞ்சொல்லும் வெட்டிப்பேச்சும் இல்லாத நாள் அரிது. இன்று இந்த நான்கும் கைப்பேசியில் குடியேறிவிட்டன. உண்மையா என்று பார்க்காமல் அனுப்பும் செய்தி பொய்யில் சேரும். ஒருவர் எழுதியதைப் படம் பிடித்து வேறொருவருக்கு அனுப்பி மூட்டிவிடுவது கோளில் சேரும். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் இது உண்மையா, பயனுள்ளதா, சொல்லவேண்டிய நேரம் இதுதானா என்று கேட்டுக்கொள்வது நற்பேச்சுப் பயிற்சி. இந்த மூன்று கேள்விகளுக்கும் பாலி நூல்களில் ஆதாரம் உண்டு.

மூச்சைக் கவனிக்கும் பயிற்சி

தியான முறைகளில் பரவலாகப் பழகப்படுவது ஆனாபானசதி. ஆனாபானம் என்பது உள்மூச்சும் வெளிமூச்சும். மூச்சுக்கு மதமோ மொழியோ இல்லை. எங்கு சென்றாலும் நம்முடனேயே வருகிறது. அதனால் இது தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றது.

1. அமைதியான ஓரிடத்தில் பாய் மீதோ நாற்காலியிலோ அமரவும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், ஆனால் விறைப்பாக இருக்கக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் சம்மணமிட வேண்டியதில்லை.
2. கண்களை மூடவும் அல்லது பாதி திறந்து தரையைப் பார்க்கவும்.
3. மூச்சை இயல்பாக விடவும். இது பிராணாயாமம் அன்று. மூச்சை நீட்டவோ அடக்கவோ கூடாது. நீண்ட மூச்சானால் நீண்டது என்றும், குறுகிய மூச்சானால் குறுகியது என்றும் அறிந்தால் போதும்.
4. மூக்கின் நுனியில் அல்லது மேலுதட்டுக்கு மேலே மூச்சு படும் இடத்தில் கவனத்தை வைக்கவும்.
5. மனம் நிற்கவில்லை என்றால் மூச்சுகளை எண்ணலாம். ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.
6. மனம் ஓடிவிடும். ஓடியதை அறிந்தவுடன் திட்டாமல், வருந்தாமல் மூச்சுக்குத் திரும்பவும்.

ஆறாவது படியே பயிற்சியின் உயிர். பத்து நிமிடத்தில் ஐம்பது முறை மனம் ஓடினால், ஐம்பது முறை திரும்பியிருக்கிறோம் என்று பொருள். திரும்பும் அந்தத் திறனே மண்டியிலும் வகுப்பறையிலும் நமக்கு உதவப்போவது.

எண்ணும் முறையைப் பற்றி விசுத்திமக்கம் என்ற நூல் நுட்பமாகப் பேசுகிறது. ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மிகாமலும் எண்ண வேண்டும் என்பது அதன் அறிவுரை. இதைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இயற்றியவர் புத்தகோசர். காஞ்சிபுரத்துடனும் அவருக்குத் தொடர்பு இருந்தது.

அன்பை வளர்க்கும் பயிற்சி

மற்றொரு பயிற்சி மைத்திரி பாவனை. பாலியில் மெத்தா எனப்படும். நலமாக இருக்கட்டும் என்று மனத்தால் வாழ்த்துவது இதன் செயல்முறை. முதலில் தன்னை, அடுத்து அன்புக்கும் மதிப்புக்கும் உரிய ஒருவரை, அடுத்து விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவரை, கடைசியில் பகைமை கொண்ட ஒருவரை வாழ்த்த வேண்டும்.

மூன்றாம் படியில் நாம் அதிகம் கற்கிறோம். நாள்தோறும் பார்க்கும் பேருந்து நடத்துநர், தண்ணீர் கேன் போடும் தம்பி, தெருவைப் பெருக்கும் அம்மா ஆகியோர் பெயர்கூட நமக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்களை ஒரு நிமிடம் நினைத்து வாழ்த்திப் பார்த்தால், மறுநாள் அவர்களிடம் பேசும் குரலே மாறிவிடும். பகைவரை வாழ்த்தும் நான்காம் படிக்கு அவசரப்பட வேண்டாம். அதற்கு மாதங்கள் ஆகலாம்.

பயிற்சியில் வரும் தடைகள்

ஆசை, வெறுப்பு, சோம்பலும் தூக்கமும், பரபரப்பும் கவலையும், ஐயம் ஆகிய ஐந்தும் தியானத்துக்குத் தடைகள் என்று கூறப்படுகின்றன. இவை எல்லோருக்கும் வரும். எந்தத் தடை வந்திருக்கிறது என்று பெயர் சொல்லி அறிவதே பாதித் தீர்வு.

அளவுக்கு மீறிய முயற்சியும் தடையே. சோணர் என்ற பிக்கு கால் புண்ணாகும் அளவுக்கு நடந்து தியானம் செய்தும் பலன் காணாமல், துறவை விட்டுவிடலாமா என்று எண்ணினார். இல்லறத்தில் இருந்தபோது வீணை வாசித்தவர் அவர். நரம்பு மிக முறுக்காக இருந்தால் இசை வருமா, தளர்வாக இருந்தால் வருமா என்று புத்தர் அவரிடம் கேட்டார். இரண்டிலும் வராது என்றார் சோணர். முயற்சிக்கும் அதுவே அளவு என்றார் புத்தர். விடிய விடியப் படித்துத் தேர்வறையில் தூங்கி வழியும் மாணவருக்கும் இந்தக் கதை பொருந்தும்.

இல்லறத்தாருக்கான அறிவுரை

புத்தரின் போதனை வீட்டு வாழ்வை எவ்வளவு தூரம் கருதியது என்பதற்குச் சிகாலோவாத சூத்திரம் சான்று. சிகாலன் என்ற இளைஞன் தந்தை சொன்னபடி ஒவ்வொரு காலையும் ஆறு திசைகளையும் வணங்கி வந்தான். புத்தர் அவனைத் தடுக்கவில்லை. ஆறு திசைகளுக்கும் புதிய பொருள் சொன்னார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை வேலையாட்கள், மேல்திசை துறவிகள் என்றார். ஒவ்வொரு உறவிலும் இருபக்கக் கடமைகளும் உண்டு என்று விளக்கினார்.

மாணவர் ஆசிரியருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பதுடன் நில்லாமல், ஆசிரியர் நன்றாகப் பயிற்றுவித்து, தமக்குத் தெரிந்ததை மறைக்காமல் கற்பிக்க வேண்டும் என்றும் அந்தச் சூத்திரம் கூறுகிறது. வேலையாட்களுக்கு வலிமைக்கேற்ற வேலை தர வேண்டும், உணவும் கூலியும் தர வேண்டும், நோயுற்றால் கவனிக்க வேண்டும், ஓய்வு தர வேண்டும் என்றும் முதலாளிகளுக்குக் கூறுகிறது. சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடத்துக்கும் சிவகிரி வயலுக்கும் இன்றும் பொருந்தும் சொற்கள் இவை.

வருமானத்தைப் பற்றியும் அதில் கணக்கு உண்டு. வருவாயை நான்கு பங்காக்கி, ஒன்றைச் செலவுக்கும், இரண்டைத் தொழிலுக்கும், ஒன்றை ஆபத்துக்காலச் சேமிப்புக்கும் வைக்கச் சொல்கிறது. கடனால் வரும் மனக்கலக்கத்தைத் தியானத்தால் மட்டும் தீர்க்க முடியாது, பணத்தை ஒழுங்காகக் கையாளவும் வேண்டும் என்பதை அக்காலத்திலேயே உணர்ந்திருந்தனர்.

பொறுமையும் அநீதியும்

பொறுமையைப் போதிக்கும் எந்த நெறியும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அநீதிக்கு ஆளானவரிடம் அமைதியாக இரு என்று சொல்வது சரியா? பௌத்தத்தின் விடையை வசல சூத்திரத்தில் காணலாம். புத்தர் சிராவஸ்தியில் பிச்சைக்குச் சென்றபோது, வேள்வி செய்துகொண்டிருந்த பாரத்துவாசர் என்ற அந்தணர் அவரை இழிந்தவனே, அங்கேயே நில் என்று அதட்டினார். புத்தர் சினம் கொள்ளவில்லை. வாய்மூடித் திரும்பிச் செல்லவும் இல்லை. இழிந்தவன் யார் என்று உமக்குத் தெரியுமா என்று கேட்டு, பிறப்பால் எவரும் இழிந்தவர் ஆவதில்லை, செயலாலேயே ஆகிறார் என்று அங்கேயே நின்று விளக்கினார். சினமின்றி, ஆனால் விட்டுக்கொடுக்காமல் உண்மையைச் சொல்வதே அவர் காட்டிய பொறுமை.

தமிழ்நாட்டில் பௌத்தம் மறுபிறப்பு எடுத்ததும் இந்த வழியில்தான். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கினார். சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை பரவின. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்ததும் அதே 1898ஆம் ஆண்டில். பின்னர் 1956 அக்டோபர் 14இல் அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார்.

எங்கள் பக்கத்து மாணவர்களுக்கு இது வெறும் வரலாறு அன்று. தென் மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் வண்ணக் கயிறு சாதி அடையாளமாகிச் சண்டையில் முடிந்ததை இங்கே ஆசிரியராக இருந்த எவரும் அறிவர். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர்க் குழு 2024இல் அரசுக்கு அளித்த அறிக்கையில், இத்தகைய கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிற்றை அறுப்பது விதியால் நடக்கும். கயிற்றைக் கண்டவுடன் நெஞ்சில் எழும் பெருமிதத்தையோ வெறுப்பையோ அறிந்து, அதன் பின்னே போகாமல் நிற்பது பயிற்சியால்தான் நடக்கும். பத்துத் தீமைகளில் கடைசியாக வரும் தவறான பார்வையின் கீழ், பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு என்ற எண்ணத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தென்காசி வட்டாரத்தில்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே உள்ள வீரிருப்பு கிராமத்தில், நிப்போன்சான் மியோஹோஜி என்ற ஜப்பானியப் பௌத்த அமைப்பின் கோயிலும் உலக அமைதிக் கோபுரமும் உள்ளன. வெண்ணிற அரைக்கோள வடிவில் அமைந்த இக்கோபுரம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் வழியாக எளிதில் சென்று வரலாம்.

இவ்வமைப்பை நிறுவியவர் நிச்சிதாத்சு புஜி (1885–1985). 1930களில் வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்தார். அவர் மரபினர் ஓதும் மந்திரம் காந்தியடிகளின் ஆசிரமப் பிரார்த்தனையிலும் இடம்பெற்றது. இரோசிமா, நாகசாகி நகரங்கள் அணுகுண்டால் அழிந்த பின், உலகின் பல பகுதிகளில் அமைதிக் கோபுரங்கள் எழுப்புவதைத் தம் பணியாகக் கொண்டார். இந்தியாவில் இராஜகிருகத்தில் 1969இல் திறக்கப்பட்ட கோபுரம் புகழ்பெற்றது.

இவர்களின் பயிற்சி மூச்சைக் கவனிப்பது அன்று. கையில் பிடித்த வட்டமான தோல் பறையைத் தட்டியபடி நமு மியோஹோ ரெங்கே கியோ என்று ஓதுவர். தாமரைச் சூத்திரம் கூறும் மேலான அறத்துக்கு வணக்கம் என்பது இதன் பொருள். அமர்ந்து மௌனமாக இருக்க இயலாதவர்களுக்கு ஓசையும் தாளமும் மனத்தை ஒருமுகப்படுத்த உதவும். பஜனையும் காவடிச்சிந்தும் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

குற்றாலத்துக்குத் தெற்கே நிற்கும் பொதிகை மலையும் பௌத்தத் தொடர்புடன் பேசப்படுகிறது. புத்தமித்திரர் 11ஆம் நூற்றாண்டில் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டதாகக் கூறுகிறது. அவலோகிதர் கருணையின் வடிவமான போதிசத்துவர். அவர் உறையும் போதலக மலை பொதிகையே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

தமிழ்நாட்டில் பயிற்சி பெறும் இடங்கள்

விபச்சனா: பர்மாவில் பிறந்த எஸ்.என். கோயங்கா (1924–2013) தம் ஆசிரியர் ஊ பா கின்னிடம் கற்று, 1969இல் இந்தியா வந்து கற்பித்த முறை. பத்து நாள் முகாமில் மௌனம் காக்க வேண்டும். முதல் மூன்று நாள் மூச்சையும், பின்னர் உடலில் தோன்றும் உணர்வுகளையும் கவனிக்க வேண்டும். உணவுக்கும் தங்குவதற்கும் கட்டணம் இல்லை. முகாமை முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது இம்முறையின் மையம்.

ஜென்: கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் உள்ள போதி ஜென்டோ 1996இல் தோன்றியது. நிறுவியவர் அமா சாமி. இயேசு சபைத் துறவியான இவர் ஜப்பானில் யமடா கோவுனிடம் ஜென் பயின்று, கற்பிக்கும் தகுதி பெற்றவர். தம் மதத்தை விட்டுவிடாமலேயே ஒருவர் இப்பயிற்சியை மேற்கொள்ளலாம் என்பதற்கு இவர் எடுத்துக்காட்டு.

மருத்துவமும் தியானமும்

ஜான் கபாட்-சின் என்பவர் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியால் துன்பப்படுவோருக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்த தியான முறைகளிலிருந்து மதச் சடங்குகளை நீக்கி இதை அமைத்தார். அதன்பின் பல நாட்டு மருத்துவமனைகளில் இத்தகைய பயிற்சி பரவியது.

ஆயினும் தியானம் மருந்துக்கு மாற்று அன்று. கடும் மனச்சோர்வு, மனச்சிதைவு, பெரும் அதிர்ச்சி ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட மௌன முகாம்களில் சேரக் கூடாது. சிலருக்கு அது துன்பத்தை அதிகமாக்கும். மனநல மருந்து உட்கொள்பவர்கள் தியானத்தை நம்பி மருந்தை நிறுத்தவும் கூடாது. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருபவர்கள் உடனே பிறரிடம் பேச வேண்டும். டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 ஆகியவற்றை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இந்த எண்களை ஒவ்வொரு மாணவரும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

தொடங்க விரும்புவோருக்கு

முதல் வாரம்: காலையில் பல் துலக்கியபின், கைப்பேசியைத் தொடுமுன் ஐந்து நிமிடம் மூச்சைக் கவனிக்கவும்.

இரண்டாம் வாரம்: அத்துடன், நாள்தோறும் செய்யும் ஒரு வேலையை முழுக் கவனத்துடன் செய்யவும். பாத்திரம் கழுவுவது, மிதிவண்டி ஓட்டுவது, முதல் மூன்று கவளம் சாப்பிடுவது என எதுவாகவும் இருக்கலாம்.

மூன்றாம் வாரம்: ஒரு நாளில் கோபம் வந்த ஒரு தருணத்தை இரவில் எழுதவும். ஊறு எது, நுகர்வு எது, வேட்கை எது என்று பிரித்துப் பார்க்கவும்.

நான்காம் வாரம்: நால்வகைத் தீச்சொற்களில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு வாரம் விலக்கிப் பார்க்கவும். தவறினால் மறுநாள் தொடரவும்.

ஒரு மாதம் கழித்து, தியானத்தின்போது அமைதி கிடைத்ததா என்று கேட்க வேண்டாம். வீட்டாரிடமும் உடன் படிப்பவர்களிடமும் நடந்துகொள்ளும் விதத்தில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கவும். காலாமர் என்ற மக்களுக்கு உபதேசித்தபோது, மரபு என்பதற்காகவோ, நூலில் இருக்கிறது என்பதற்காகவோ, ஆசிரியர் சொன்னார் என்பதற்காகவோ எதையும் ஏற்க வேண்டாம், நன்மை தருகிறதா என்று நீங்களே கண்டபின் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார் புத்தர். அந்தச் சோதனை இப்பயிற்சிக்கும் பொருந்தும். மாற்றம் தெரிந்தால் தொடரலாம். தெரியவில்லை என்றால், நெருங்கிப் பழகும் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம். நம் குரல் தணிந்திருப்பது நமக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும்.